சீழ்க்கைக்குப் பதில்

லுத்மிலா எஃபியின் வீட்டில் தங்கியிருந்தது ஒரு பிணத்துக்காக.

அவளுடைய தம்பி ராடிம் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாக, வடக்கே தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஆற்றில் இறங்கினான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. படகு மட்டும் கிழிந்துபோய், கடலை ஒட்டிய மணல்திட்டில் கிடைத்தது. ஹெலிகாப்டரில் போய் ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூவிக் கூவித் தேடினார்கள். ஆறு கொண்டுபோய்விட்டது என்று சொல்லி ஒருநாள் தேடலை நிறுத்தினார்கள். அந்தப் பூங்காவுக்கு வேலி கிடையாது, வாசல் கிடையாது, சாலை கிடையாது. ஒரு வருடத்தில் அங்கே போகிற வெளியாட்களை ஒரு பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடலாம்.

லுத்மிலா செக் நாட்டுக்காரி. மூன்று விமானம் மாறி, ஆற்றங்கரையில் இருக்கும், குவிச்சின் பழங்குடியினர் வாழும் அந்த வடகோடி ஊருக்கு வந்து இறங்கியபோது எங்கே தங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எஃபி ஒன்றும் கேட்காமல் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவ்வளவுதான்.

வந்தவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. பாத்திரம் கழுவினாள், ஜன்னல் துடைத்தாள். ஒன்றும் இல்லாதபோது வீட்டில் இருந்த பிளாஸ்டிக் பைகளை எல்லாம் எடுத்து, நீளவாக்கில் மடித்து, பிறகு மூலையிலிருந்து மூலைக்குத் திருப்பித் திருப்பி, சமோசா மாதிரி சின்னச் சின்ன முக்கோணமாக்கினாள். நுனியை உள்ளே செருகிவிட்டால் பிரியவே பிரியாது.

"இது என்னம்மா வித்தை?" என்று எஃபி கேட்டாள்.

"எங்கம்மா பழக்கம். பையைக் கசக்கி எறிஞ்சா கையிலேயே ஒண்ணு போடுவாங்க. எனக்கும் அடி, தம்பிக்கும் அடி."

எஃபியின் மேசை இழுப்பறை முக்கோணங்களால் நிறைந்தது.

செப்டம்பரில், ஏரிகள் உறைவதற்கு முன்னால், பூங்காவின் உட்பகுதியில் இருக்கும் காவல் குடிசையைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்க வேண்டும். அது எஃபியின் வேலை. பூங்காக் காவலில் அவள் பல வருடமாக இருக்கிறாள். பாதிரியார் வர முடியாத ஞாயிறுகளில் கோயிலில் ஜெபம் வாசிப்பவளும் அவள்தான். துணைக்கு அவள் கணவனின் தம்பி ஆம்ப்ரோஸ் வருவதாக ஏற்பாடு. புறப்படும்போது லுத்மிலா வாசலில் நின்று, "அக்கா, போற இடத்துல அவன் சட்டை, செருப்பு, எதாவது கண்ணுல பட்டா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள்.

"பாத்துக்கிறேன்மா," என்றாள் எஃபி. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மிதவை விமானத்தில் அவர்களை ஏரியில் இறக்கிவிட்ட டெல்மர், தண்ணீர் ஓரத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். மெல்லிய பனித்தகடு கண்ணாடிபோல நொறுங்கியது.

"மூணு நாள்தான். அதுக்கு மேல தாமதிச்சா ஏரி மூடிக்கும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் நடந்துதான் வரணும்."

"நடந்தா இளைச்சுடுவேன்னு எங்கண்ணிக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க," என்றான் ஆம்ப்ரோஸ். தடித்த ஆள். பேச்சில்லாமல் அவனால் ஆணிகூட அடிக்க முடியாது.

விமானம் போன பிறகு வந்த அமைதி எஃபிக்குப் பழக்கமானதுதான். மலைச்சரிவெல்லாம் சிவந்து கிடந்தது. பறவைகள் தெற்கே போய்விட்டன. காற்றும் இல்லை. கரிபூ மான்கள் இந்த வருடம் இந்தப் பக்கம் வரவில்லை. அவர்கள் புகைபோக்கியைச் சுத்தம் செய்தார்கள், டின்களை இரும்புப் பீப்பாயில் அடைத்தார்கள், கரடி வந்து ஜன்னலை உடைக்காமல் இருக்க ஆணி முனை வெளியே நீட்டும் பலகைகளை எடுத்து வைத்தார்கள். எவ்வளவு பேசினாலும் அந்த அமைதி ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே இருப்பதுபோல் எஃபிக்கு அன்று தோன்றியது.

பொழுது சாயும் நேரம். ஆம்ப்ரோஸ் சுத்தியலை ஓங்கிய கையோடு நின்றுவிட்டான்.

மலைப்பக்கமிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. நீளமான ஒற்றை ஒலி. முடிகிற இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பொருட்களை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள்.

குவிச்சின் குடும்பங்களில் இதற்கு விளக்கம் யாரும் கேட்பதில்லை. பஞ்ச காலத்தில் கூட்டத்தைவிட்டு விலகியவர், தப்புச் செய்துவிட்டு முகம் காட்ட வெட்கப்பட்டவர், வழி தவறியவர், யாராயிருந்தாலும் காட்டில் தனியாக ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் மனித வாடை அவருக்கு ஆகாமல் போய்விடும். சாகவும் மாட்டார், வீட்டுக்கு வரவும் மாட்டார். காட்டாள் ஆகிவிடுவார். இலையுதிர் காலத்தில் கூடாரங்களைச் சுற்றுவார், சீழ்க்கையடிப்பார், கல்லெறிவார், காயப்போட்ட மீனை எடுத்துப்போவார். அவருக்குப் பதில் சீழ்க்கை அடிக்கக் கூடாது. குரல் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் செத்தவர் பெயர் எதையும் வாய்விட்டுச் சொல்லவே கூடாது என்பார்கள் எஃபியின் வீட்டார். சொன்னால் அந்தப் பெயரை எடுத்துச் சட்டைபோல் மாட்டிக்கொள்வாராம்.

தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தது. மெதுவாக உருண்டு, ஓரத்துக்கு வந்து, கீழே விழுந்தது.

"வாடகை கேட்டு வந்திருக்காரு அண்ணி," என்று ஆம்ப்ரோஸ் கிசுகிசுத்தான். அவன் குரல் சிரிக்கவில்லை.

எஃபியின் தாய்வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கூப்பிடக் கூடாதுதான், ஆனால் பட்டினி போடவும் கூடாது. அவள் வாணலியில் சுட்ட ரொட்டி இரண்டையும் கொஞ்சம் உலர்ந்த கரிபூக் கறியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்தாள்.

"கரடிக்குப் பந்தி வைக்கிறீங்க."

"கரடி சீழ்க்கையடிக்காது தம்பி. நகரு."

விறகு பிளக்கும் கட்டையின்மேல் பையை வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே திரும்பி வந்தாள். வரும்போது வில்லோ புதருக்குள்ளிருந்து யாரோ தன் முதுகைப் பார்ப்பது, ஈரத்துணி ஒட்டுவதுபோல் அவள் முதுகில் ஒட்டியது. ஆண்டவர் படைக்காதது எதுவும் இந்தக் காட்டில் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லி முடித்தபோது கதவுக்குள் வந்திருந்தாள்.

காலையில் பை இல்லை. தரையில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் தடங்கள். கரடியுடையது அல்ல. மனிதனுடையதென்றும் சொல்ல முடியவில்லை. விரல் இல்லை, குதிகால் இல்லை. நீள்வட்டமாக, வழவழவென்று, யாரோ உருளைக் கட்டையை ஊன்றி ஊன்றி நடந்ததுபோல் இருந்தது. கட்டைவரை வந்து, திரும்பிப் புதருக்குள் போயிருந்தது.

ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். அன்று முழுவதும் இருவரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிகிற தூரத்திலேயே வேலை செய்தார்கள். சாயங்காலம் மறுபடி அதே சீழ்க்கை, இந்தத் தடவை ஏரியின் எதிர்க்கரையிலிருந்து. எஃபி மறுபடி உணவு வைத்தாள், பை பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தாள். ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்து வானத்தை நோக்கி ஒரு வெடி வெடித்தான். அது மலையில் மோதி மோதித் திரும்பி வந்தது. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"எதுக்குடா?" என்றாள் எஃபி.

"நம்மகிட்டயும் சத்தம் இருக்குன்னு அவருக்குத் தெரியட்டுமேன்னு."

மறுநாள் காலை மூடுபனி இறங்கி ஏரியே காணாமல் போயிருந்தது. எஃபி கட்டையை நோக்கிப் போனாள். உணவு இல்லை. கல் இருந்தது. கல்லுக்கு அடியில் இரண்டு முக்கோணங்கள் இருந்தன. முதல் நாள் பை ஒன்று, நேற்றைய பை ஒன்று. நீளவாக்கில் மடித்து, மூலைக்கு மூலை திருப்பி, நுனியை உள்ளே செருகி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன.

பின்னால் வந்த ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்தான். "பாத்திரம் கழுவித் திருப்பித் தந்திருக்காரு. ஞாயிறு பள்ளிக்குப் போன காட்டாள் போல."

எஃபி சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து நுனியை விரலால் நெருடினாள். அவள் வீட்டுச் சமையலறையும் அந்த மேசை இழுப்பறையும் கண்முன் வந்தன. எனக்கும் அடி, தம்பிக்கும் அடி. கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, இது லுத்மிலாவோட தம்பி. ராடிம்."

"பேரைச் சொல்லாதீங்க." அவன் அவள் தோளை அழுத்தினான். "அவன் செத்தாச்சு. படகு எங்க கிடைச்சது, நாம எங்க இருக்கோம்? நடுவுல எத்தனை மலை?"

"செத்தவனுக்குப் பை மடிக்கத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும். செத்தவங்க பேரு, பழக்கம், குரல், எல்லாத்தையும் எடுத்துக்குவாரு. உங்க வீட்ல சொன்னதில்லையா? நீங்க வெளிய வரணும்னுதான் இதெல்லாம்."

எஃபிக்கு அதுவும் உண்மையாக இருக்கலாம் என்றே பட்டது. ஆனால் இன்னொன்றும் பட்டது, அது நெஞ்சைச் சுட்டது. உயிரோடு ஒருவன் இரண்டு நாளாக வாசலில் கிடந்திருக்கிறான். வேறு ஊர்க்காரர்கள் யாராவது இந்தக் குடிசையில் இருந்திருந்தால் முதல் சத்தத்திலேயே வெளியே ஓடி வந்து, யாரது என்று கத்தியிருப்பார்கள். இவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெடி வேறு வெடித்தார்கள்.

அவள் எழுந்து, பனிமூட்டத்தைப் பார்த்து, வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். "ராடிம்," என்று உரக்கக் கூப்பிட்டாள். "ராடிம், வாப்பா."

புதர் முறிந்தது. மிக அருகில், கல் எறி தூரம்கூட இல்லை. ஏதோ ஒன்று எழுந்து, விழுந்து, எழுந்து, அவர்களைவிட்டு விலகி ஓடியது. அந்த ஓட்டத்தில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு அதுவும் பனிக்குள் போய்விட்டது.

"கேட்டீங்களா?" என்றான் ஆம்ப்ரோஸ். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. "உதவி வேணும்கிறவன் ஓடுவானா?"

எஃபி வயர்லெஸ்ஸில் ஊர் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எங்கும் மூடுபனி, எதுவும் பறக்காது, நாளைக்கு டெல்மர் வந்தால் உண்டு என்றார்கள். லுத்மிலாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை தம்பி செத்தது போதும்.

நாளை விமானம் வரும். அதற்குள் அவனைப் பிடித்தாக வேண்டும். ஏரி மூடிவிட்டால் அடுத்த விமானம் மிதவைக்குப் பதில் பனிச்சறுக்குச் சட்டம் மாட்டிக்கொண்டு பனிமேல் வந்து இறங்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தை ஒரு பட்டினிக்காரன் தாண்ட மாட்டான். துரத்தினால் ஓடுவான். கூப்பிட்டாலும் ஓடுவான். எஃபி அடுப்பின் முன் மண்டியிட்டு நெடுநேரம் இருந்தாள். பெரிய வெளிச்சம் எதுவும் அவளுக்கு வரவில்லை. சூப் வைக்கலாம் என்று மட்டும்தான் தோன்றியது.

மத்தியானம் குடிசைக்கும் புதருக்கும் நடுவில் ஒரு மான்தோலை விரித்தாள். இரண்டு தட்டு, இரண்டு கோப்பை. கறி சூப், ரொட்டி, சர்க்கரை போட்ட தேநீர். ஒரு தட்டைத் தனக்கு முன்னாலும், இன்னொன்றைத் தன் முதுகுக்குப் பின்னாலும் வைத்தாள்.

"உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ. துப்பாக்கியைத் தொடாத."

"அண்ணி, அது அவனா இல்லாம அவரா இருந்தா?"

"அவருக்கும் பசிக்கும்ல?"

ஆம்ப்ரோஸ் உள்ளே போனான்.

எஃபி புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வழக்கமாகச் சொல்லும் நன்றி ஜெபத்தைக் குரலை உயர்த்தாமல் வாய்விட்டுச் சொன்னாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். கரண்டி தட்டில் படும் சத்தம் அந்த வெண்மைக்குள் பெரிதாகக் கேட்டது. சூப் ஆறியது. மேலே மெல்லிய ஆடை கட்டியது. அவள் அவசரப்படவில்லை. ஒரு வாய், பிறகு நிறுத்தம், பிறகு ஒரு வாய்.

முதலில் வந்தது வாடை. நனைந்த பாசி, பழைய புகை, கழுவாத உடம்பு. பிறகு ஒரு குச்சி முறிந்தது. பிறகு எதுவுமில்லை. பிறகு, அவள் எதிர்பார்த்ததைவிட மிக அருகில், ஒரு மூச்சு.

தட்டு தோலின்மேல் இழுபட்டது.

பின்னால் பல் உலோகத்தில் படும் சத்தம் கேட்டது. கரண்டியைத் தொடாமல், தட்டைத் தூக்கி வாயில் வைத்து, உறிஞ்சி, நக்கும் சத்தம். மனிதர் இப்படியும் சாப்பிடலாம். வேறு எதுவும் இப்படிச் சாப்பிடலாம். திரும்பிப் பார் என்று உடம்பு முழுவதும் கத்தியது. அவள் தன் ரொட்டியைப் பிய்த்து, பாதியைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினாள்.

விரல்கள் பட்டன. மரப்பட்டைபோல் சொரசொரப்பாக, ஏரித்தண்ணீர்போல் குளிராக இருந்தன. பிடுங்கவில்லை. குழந்தை கையிலிருந்து எடுப்பதுபோல் மெதுவாக எடுத்துக்கொண்டன.

நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு குரல் அவளுக்குத் தெரியாத மொழியில் ஏதோ சொன்னது. பிறகு, உடைந்த துருப்பிடித்த ஆங்கிலத்தில், "நீங்க திரும்பலையே," என்றது.

"நீ சொன்னாத் திரும்புறேன்."

"வேண்டாம். பயந்துடுவீங்க."

"எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. தினம் காலையில கண்ணாடி பாக்குறேன். அதைவிடவா?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் பின்னால் எழுந்தது.

"உங்கக்கா லுத்மிலா எங்க வீட்லதான் இருக்கா," என்றாள் எஃபி, முன்னால் பார்த்தபடியே. "என் பையெல்லாம் முக்கோணமாயிடுச்சு. காய்கறி வாங்கப் போனா ஒண்ணு பிரிக்க அரைமணி நேரம் ஆகுது."

அந்தச் சத்தம் இப்போது அழுகைதான். அவள் திரும்பினாள்.

எலும்பும் தாடியுமாக ஒரு மனிதன். உதடு வெடித்துக் கறுத்திருந்தது. கால்களில் செருப்பில்லை. படுக்கைப் பாயைத் துண்டு துண்டாக வெட்டி, கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தான். விரலில்லாத அந்தத் தடம் அதனால்தான். கண்கள் மட்டும் அக்காவின் கண்கள். அவள் தன் சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்தினாள். அவன் அவள் ஜாக்கெட் கையைப் பற்றிக்கொண்டான், பிறகு விடவே இல்லை.

உள்ளே, அடுப்போரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மலையேறப் போயிருந்தபோது ஆறு பெருகிக் கரையிலிருந்த படகை அடித்துக்கொண்டு போய்விட்டது. நடந்தான். வரைபடம் நனைந்து கூழாகிவிட்டது. ஹெலிகாப்டர் வந்தது தெரியும்.

"எனக்காகத்தான் வந்ததுன்னும் தெரியும். ஆனாலும் புதருக்குள்ள படுத்துக்கிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல. என் பேரைக் கேட்டாலே உடம்பு ஓடுது. இங்க புகையைப் பாத்துத்தான் வந்தேன். வந்த பிறகு கதவைத் தட்ட முடியல."

"ஆனா சீழ்க்கை மட்டும் நல்லா அடிச்சீங்க தம்பி," என்றான் ஆம்ப்ரோஸ். உயிரோடு ஒரு மனிதனைப் பார்த்ததில் அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "கல்லும் எறிஞ்சீங்க. எங்கண்ணிக்கு நெஞ்சுவலி வராம இருந்தது ஆண்டவர் புண்ணியம்."

ராடிம் தன் வெடித்த உதட்டைத் தொட்டுக் காட்டினான். "இதை வச்சா? நான் அடிக்கல. நீங்கதான்னு நினைச்சேன்."

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"இங்க வரதுக்கு முன்னாலயும் கேட்டுது," என்றான் ராடிம். "தினமும் சாயங்காலம். எனக்கு முன்னால போகும். கொஞ்ச தூரம் போய் நிக்கும். நான் போற வரைக்கும் நிக்கும். போனா அங்க ஊத்து இருக்கும், இல்லைன்னா பழம் இருக்கும். ஒரு நாள் வேற பக்கம் நடந்தேன். என் முன்னால கல் வந்து விழுந்தது. திரும்பிட்டேன். கடைசியா கூப்பிட்ட இடத்துல ஏறிப் பாத்தேன், கீழ உங்க புகை தெரிஞ்சுது."

அடுப்பில் விறகு சரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெண்மை சாம்பலாகி, சாம்பல் நீலமாகிக்கொண்டிருந்தது. அவர்கள் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க, மலைப்பக்கமிருந்து அது வந்தது. நீளமாக, முடிவில் தாழ்ந்து, கேள்விபோல.

ராடிம் மட்டும் பயப்படவில்லை. "அதோ," என்றான், பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவதுபோல.

மறுநாள் காலை மூடுபனி ஏரிக்கு மேலே கொஞ்சம் விலகியது. அந்த இடைவெளி வழியாக டெல்மர் இறங்கினான். ராடிமைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றியவன், பிறகு ஏரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். இருபக்கமும் பனித்தகடு வளர்ந்து, தண்ணீர் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"ஓடி எழும்ப இவ்வளவுதான் தண்ணின்னா மூணு பேரைத் தூக்க முடியாது. இந்தத் தம்பியும், பிடிச்சுக்க ஒருத்தரும். இன்னொருத்தருக்கு நாளைக்கு விடிஞ்சதும் வரேன். நடுவுல தண்ணி இருந்தா."

இருந்தால். அந்தச் சொல்லை எல்லோரும் கேட்டார்கள். ராடிம் எஃபியின் கையை இறுக்கினான். அவள்தான் போக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"அப்ப நான் இருந்துக்கிறேன்," என்றான் ஆம்ப்ரோஸ். "நிம்மதியா நானே ரெண்டு பங்கும் சாப்பிடலாம்." சொல்லிவிட்டு மலையைப் பார்த்தான். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. பெரிய உடம்பு, ஐம்பது வயது, நாளைக்கு ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியவன். எஃபி அந்தத் தொண்டைக்குழியைப் பார்த்துவிட்டாள்.

"நீ எதுக்கு? வழியில இவன் மயங்கிட்டா எனக்குத் தூக்கத் தெம்பு இருக்கா? உன் தடிமனுக்கு ஒரு வேலை வந்திருக்கு, போ. எனக்கு இங்க ஜன்னல் பலகை பாக்கி இருக்கு. நீ அடிச்ச ஆணியெல்லாம் வேற கோணல்."

"கோணலா அடிச்சாத்தான் கரடிக்குக் குழப்பம் வரும்," என்றான் ஆம்ப்ரோஸ். ஆனால் அவன் கண்கள் கலங்கிவிட்டன, உடனே குனிந்து மிதவையில் கால் வைத்தான்.

ராடிம் ஜாக்கெட் கையை விடவில்லை. எஃபி பொத்தானைக் கழற்றி, ஜாக்கெட்டிலிருந்து தன்னை உருவிக்கொண்டு, அதை அவனிடமே விட்டாள். விமானம் தண்ணீரைக் கிழித்து ஓடி, எதிர்க்கரைப் பனித்தகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மேலே எழுந்தது. மூடுபனி மறுபடி ஏரியை மூடியது.

ஜன்னல்களை அடைத்து முடிக்க மத்தியானம் கடந்தது. உள்ளே விளக்கெண்ணெய் நிறத்தில் அடுப்பு வெளிச்சம் மட்டும் இருந்தது. சாயங்காலம் வயர்லெஸ் கரகரத்தது. அதில் லுத்மிலாவின் குரல் வந்தது. "அக்கா," என்றாள். பிறகு அழுதாள். பிறகு மறுபடி, "அக்கா," என்றாள். எஃபி, "சூடா ஏதாவது குடு, ஒரேயடியாக் குடுக்காத, கொஞ்சம் கொஞ்சமாக் குடு," என்று சொன்னாள்.

வயர்லெஸ் அடங்கியதும் அது வந்தது. மலையிலிருந்து இல்லை, ஏரியின் எதிர்க்கரையிலிருந்தும் இல்லை. கதவுக்கு வெளியே, விறகுக் கட்டை இருக்கும் இடத்தில். இவ்வளவு அருகில் கேட்டபோது சீழ்க்கைக்குள் ஒரு மூச்சு இருப்பது தெரிந்தது. வயதான மூச்சு.

எஃபி ஜெபம் சொல்ல முயன்றாள். சொற்கள் வரிசையாக வரவில்லை. தன்னைக் காக்கும்படி ஆரம்பித்தவள், நடுவில் எங்கோ, வெளியே நிற்பவரையும் காக்கும்படி முடித்துவிட்டாள். அதை அவள் திட்டமிடவில்லை. தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். எத்தனை குளிர்காலமாக அந்தச் சீழ்க்கை பதிலுக்காக நின்று பார்த்திருக்கும், எத்தனை பேர் இப்படிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். கதவை விரல் அளவு திறந்தாள். வெளியே பார்க்கவில்லை.

"அந்தப் பையனைக் கொண்டுவந்து சேத்தீங்க," என்றாள் தன் சொந்த மொழியில். குரல் கீச்சென்று வந்தது. "அவங்கக்கா சார்பா ரொம்ப நன்றிங்க. உள்ள அடுப்பு எரியுது. வரணும்னா வாங்க. வரலைன்னாலும் பரவாயில்ல. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

பதில் இல்லை. பனி கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்தது. அவள் கதவை அப்படியே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வராது என்று நினைத்தாள். ஜாக்கெட் இல்லாத தோள் குளிர்ந்தது. எப்போது கண் அயர்ந்தாளோ தெரியாது.

விழித்தபோது கதவுக்கு அடியில் விடியல் தெரிந்தது. அறை கதகதப்பாக இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் அடுப்பையே பார்த்தாள். அந்த அடுப்பைப் பல வருடமாக அவளுக்குத் தெரியும். நிரப்பி வைத்த விறகு பாதி ராத்திரியைத் தாண்டாது. விடியும்போது கோப்பைத் தண்ணீர்கூட உறைந்திருக்க வேண்டும். உள்ளே புதுக்கட்டை ஒன்று, பட்டைகூட இன்னும் முழுதாகக் கருகாமல், நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அவள் திறந்து விட்டிருந்த கதவு சாத்தியிருந்தது.

விமானச் சத்தம் கேட்டபோது அவள் கரையில் நின்றாள். நடுவில் தண்ணீர் இருந்தது, கொஞ்சமாக. அவள் ஏறி உட்கார்ந்ததும் டெல்மர் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான்.

"ராத்திரி விறைச்சிருப்பீங்களே."

"இல்ல. விறகு போட ஆள் இருந்துச்சு."

டெல்மர் அவளைப் பார்த்தான். அந்த மலைகளுக்கு மேலே அவன் பாதி ஆயுளைப் பறந்து கழித்தவன். ஒரு குடிசையை மூடிவிட்டுக் கிளம்பினால், மேலே ஏறியதும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பது அவன் வழக்கம். அன்று அவன் வட்டம் அடிக்கவில்லை. மேலே ஏறியதும் நேராகத் தெற்கே திருப்பினான்.

"அங்க இருக்கிறவங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்," என்றான், அவளிடம் என்று இல்லாமல்.

எஃபி தலையசைத்தாள். கீழே புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.